தன்னொருங்கமை பெப்தைட்டுகளும் புற்றுநோய்ச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

சில சிறிய புரதத் துண்டுகள் நீரில் இடப்பட்டதும், புறத்தேயிருந்து யாரும் கோக்காமலே, தாமாக ஒன்றுகூடி நுண்ணிய நார்களாகவும் குழாய்களாகவும் வலைகளாகவும் அமைந்துவிடுகின்றன. கடந்த முப்பது ஆண்டுகளாகப் புற்றுநோய் மருத்துவம் பற்றிய ஆய்வெழுத்துக்களில் இச்செய்தி பெரும் நம்பிக்கையோடு பேசப்பட்டு வருகின்றது. அமினோவமிலங்கள் பெப்தைட்டுப் பிணைப்பினால் இணைந்த குறுஞ்சங்கிலிகளே இத்துண்டுகள். சங்கிலியின் ஒரு பக்கம் நீரை நாடுவதாகவும் மறுபக்கம் நீரை வெறுப்பதாகவும் இருக்குமாயின், வெறுக்கும் பக்கங்கள் ஒன்றையொன்று தழுவி நீரிலிருந்து ஒதுங்குகின்றன. அயற்சங்கிலிகளுக்கிடையே ஐதரசன் பிணைப்புகள் ஏற்படுகின்றன. எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று கவர்கின்றன. தனித்து நோக்குமிடத்து இவ்விசைகள் யாவும் நலிந்தவை. பல்லாயிரம் சேர்ந்தவிடத்து அவை உறுதியான கட்டமைப்பைத் தருகின்றன. இவ்வாறு தோன்றும் நார்களின் விட்டம் சில நனோமீற்றர் தொடக்கம் சில பத்து நனோமீற்றர் வரையிலானது. ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும்.

இந்நிகழ்வைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் கலைச்சொல்லை நாம் 'தன்னொருங்கமைவு' எனத் தமிழாக்கிக் கொள்கிறோம். இலக்கிய ஆய்வாளராகிய நாம் இத்துறையில் நுழைவதற்கு ஏதேனும் உரிமை உண்டாயின், அது இச்சொல்லின் முதற்பகுதியிலேயே உள்ளது. 'தன்' என்ற அடை, மூலக்கூறின் நடத்தையை விளக்கும் அளவில் பொருத்தமானதே. ஆனால், அது மெல்லமெல்ல மூலக்கூறிலிருந்து மருந்துக்கும், மருந்திலிருந்து அம்மருந்தின் வரலாற்றுக்கும் பரவிவிட்டது. சந்தை தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக் கொள்ளும் என்று கூறும் பொருளியலாளர் உழைப்பை மறைப்பது போலவே, மூலக்கூறுகள் தாமே ஒன்றுகூடி மருந்தாகின என்று கூறும் வரலாறும் சிலவற்றை மறைக்கின்றது. அவ்வாறு மறைக்கப்பட்டவற்றுள் சிலவற்றை எடுத்துக்காட்டுவதே எமது நோக்கமாகும்.

இத்துறையின் மதிப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் 1990களிலேயே கதையைத் தொடங்குகின்றன. நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1848 மார்ச்சில் பேர்லின் நகரத் தெருத்தடைகளில் நின்ற இளம் மருத்துவர்களுள் ருடோல்ஃப் விர்ஹோ ஒருவர். அவ்வாண்டின் தொடக்கத்தில் மேற்சிலேசியாவில் பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்ற அவர், நோய்க்கு மருந்தாக மக்களாட்சியையும் கல்வியையும் நிலச்சீர்திருத்தத்தையும் விதந்துரைத்தது முற்போக்கு வாசகர் நன்கறிந்த செய்தியே. அதிகம் அறியப்படாத செய்தி வேறொன்று. நோய் என்பது கலங்களில் நிகழ்வது, கலங்கள் கலங்களிலிருந்தே தோன்றுவன என்ற கொள்கையை 1850களில் நிலைநாட்டிப் புற்றுநோய் பற்றிய நவீன சிந்தனைக்கு அடித்தளமிட்ட அதே விர்ஹோ, 1854இல் மனித உடலிழையத்தில் கண்ட ஒருவகைப் படிவு அயடீனால் நிறமாறுவதைக் கவனித்து, அதனை மாப்பொருளை ஒத்ததெனக் கருதி, 'அமைலோயிட்' எனப் பெயரிட்டார். மாப்பொருளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அப்பெயர். ஐந்தாண்டுகளின் பின் ஃபிரீட்றைக்கும் கெக்குலேயும் அதில் நைதரசன் செறிந்திருப்பதைக் காட்டி, அது மாப்பொருளன்று, புரதத்தன்மையதே என நிறுவினர். எனினும் பிழையான பெயரே நிலைத்துவிட்டது. அல்சைமர் நோயாளரின் மூளையில் படிவதும் இவ்வகைப் பொருளே. புரதச் சங்கிலிகள் தாமாக ஒன்றுகூடி நார்களாகும் நிகழ்வை மருத்துவம் முதலில் அறிந்தது நோயாகவே என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அந்நார்களை நுணுக்குக்காட்டியில் இனங்காண உதவிய சாயத்தின் கதை இன்னும் பொருள் பொதிந்தது. பருத்தித் துணியில் வேறு பற்றுப்பொருள் எதுவுமின்றி நேராகவே ஏறும் சிவப்புச் சாயமொன்றை 1883இல் ஜேர்மானிய இரசாயனவியலாளர் பவுல் பொற்றிகர் ஆக்கினார். ஐரோப்பிய வல்லரசுகள் ஆபிரிக்காவைப் பங்கிட 1884 நவம்பர் முதல் 1885 பெப்ரவரி வரை பேர்லினில் கூடியிருந்தன. கொங்கோ என்ற பெயர் நாளிதழ்கள் எங்கணும் அடிபட்டது. சாயத்தை விலைக்கு வாங்கிய அக்ஃபா நிறுவனம் அதனைக் 'கொங்கோச் சிவப்பு' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கொங்கோவுக்கும் அச்சாயத்துக்கும் வேறு எவ்விதத் தொடர்பும் இல்லை. 1922இல் பென்ஹோல்ட் அதனை அமைலோயிட் பற்றிக்கொள்வதைக் கண்டறிந்த நாள்முதல் இன்றுவரை நோயியல் ஆய்வுகூடங்களில் அச்சாயம் புழங்கி வருகின்றது. ஏகாதிபத்தியத்தின் ஒரு விளம்பரப் பெயர் மருத்துவக் கலைச்சொல்லாக நிலைபெற்றமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

துணியோடு இத்துறைக்குள்ள உறவு இத்துடன் முடியவில்லை. 1928இல் வில்லியம் அஸ்பெரி இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நெசவுப் பௌதிகவியல் விரிவுரையாளரானார். லீட்ஸ் கம்பளி ஆலைகளின் நகரம். கம்பளி நார் ஏன் நீள்கிறது, நீட்டியபின் ஏன் சுருங்குகிறது என்ற வினா ஆலைக்காரருக்கு இலாபம் பற்றிய வினா; அஸ்பெரிக்கோ அது மூலக்கூறு பற்றிய வினா. கம்பளியை எக்ஸ் கதிரில் வைத்துப் படமெடுத்த அவர், இயல்பு நிலையில் மடிந்திருக்கும் புரதச் சங்கிலி நீட்டப்படும்போது வேறொரு வடிவத்தை அடைவதைக் கண்டார். முதலாவதை அல்பா எனவும் இரண்டாவதை பீற்றா எனவும் அழைத்தார். 1935இல் அவரும் உடனாய்வாளரும் நீரில் வேகவைத்த முட்டை வெண்கருவை இழுத்து நீட்டிப் படமெடுத்தனர். சங்கிலிகள் நாரின் நீளத்துக்குக் குறுக்காக அடுக்கப்பட்டிருந்தன. குறுக்கு பீற்றா என இன்று வழங்கும் அமைப்பு முதன்முதல் பதிவானது இவ்வாறே. 1968இல் ஈன்ஸ், கிளெனர் என்போர் அதே அமைப்பு அமைலோயிட்டில் இருப்பதை நிறுவினர். ஆலைக் கம்பளி, சமையலறை முட்டை, நோயுற்ற உடல் ஆகிய மூன்றும் ஒரே கட்டமைப்பில் வந்து பொருந்தின. இன்று புற்றுநோய்க்கெனத் திட்டமிட்டு ஆக்கப்படும் பெப்தைட்டு நார்களுட் பலவும் இவ்வமைப்பினவே.

இக்காலப்பகுதியில் கேம்பிறிட்ஜில் ஜே. டி. பேர்னாலும் டொரத்தி குறோஃபூட்டும் 1934இல் பெப்சின் பளிங்கின் எக்ஸ் கதிர்ப் படத்தைப் பெற்றனர். பேர்னால் மார்க்சியவாதி, விஞ்ஞானம் சமூகத்தில் ஆற்றும் பணி பற்றி 1939இல் அவர் எழுதிய நூல், ஆராய்ச்சியின் திசையைத் தீர்மானிப்பது யாருடைய தேவை என்ற வினாவை வெளிப்படையாக எழுப்பியது. அவரும் ஃபன்குசனும் 1941இல் அமைப்பை ஆராய்ந்து வெளியிட்ட புகையிலைத் தேமல் வைரசைத்தான், 1955இல் பேர்க்லியில் ஃபிறென்கல்-கொன்றற்றும் வில்லியம்சும் பகுதிகளாகப் பிரித்து, மீண்டும் கலந்து, அது தானாகவே தொற்றும் வல்லமையுள்ள வைரசாக ஒன்றுகூடுவதைக் காட்டினர். தன்னொருங்கமைவு ஒரு பரிசோதனை உண்மையாக நிலைபெற்றது அப்போதே எனலாம்.

பெப்தைட்டுகளைச் செயற்கையாக ஆக்கும் முறைபற்றி விரிவாகக் கூற வேண்டியதில்லை. எமில் ஃபிஷர் 1901இல் தொடக்கி வைத்தார். புரூஸ் மெரிஃபீல்ட் 1963இல் சங்கிலியைத் திண்மத் துணிக்கையில் கட்டிவைத்து அமினோவமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் முறையை வகுத்து, 1984இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறை இயந்திரமாக்கப்பட்டதும், விரும்பிய சங்கிலியை விரும்பிய அளவில் பெறுவது கைகூடியது.

1990களின் தொடக்கத்தில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் சுவாங் சாங் மதுவத்திலுள்ள ஒரு புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்புரதத்தில் அலனீன், குளுற்றாமிக்கமிலம், லைசீன் ஆகியன மாறிமாறி வரும் ஒரு பகுதி அவர் கவனத்தை ஈர்த்தது. அப்பகுதியைத் தனியே ஆக்கி உப்புக்கரைசலில் இட்டபோது கண்ணுக்குத் தெரியும் மென்சவ்வு ஒன்று உருவாயிற்று. 1993இல் அது வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் கலிபோர்னியாவில் கதிரியின் குழுவினர் வளைய வடிவப் பெப்தைட்டுகள் ஒன்றன்மேலொன்று அடுக்கிக் குழாய்களாவதைக் காட்டினர். 2001இல் இலினோயில் சாமுவேல் ஸ்ரப்பின் குழுவினர் கொழுப்பமில வாலைப் பெப்தைட்டுடன் பிணைத்து நார்களைப் பெற்றனர். 2003இல் ரெல் அவீவில் இரெசெசும் கசிற்றும் அல்சைமர் படிவின் மையத்திலுள்ள இரண்டே அமினோவமிலங்கள் தனித்துநின்று உறுதியான குழாய்களாவதைக் கண்டனர். அக்குழாய்களுக்கு அவர்கள் அன்று காட்டிய பயன் மருந்தன்று. வெள்ளிக் கம்பிகளை வார்ப்பதற்கான அச்சு.

இவ்வாய்வுகள் புற்றுநோயை நோக்கித் திரும்பியமைக்கு விஞ்ஞானத்தின் உள்ளியக்கம் மட்டும் காரணமன்று. 2000 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி கிளின்ரன் தேசிய நனோத் தொழினுட்பத் திட்டத்தை அறிவித்தார். 2003இல் அந்நாட்டுத் தேசிய புற்றுநோய் நிறுவகத்தின் பணிப்பாளர், புற்றுநோயால் விளையும் துன்பத்தையும் மரணத்தையும் 2015ஆம் ஆண்டளவில் இல்லாதொழிப்பதே இலக்கு என்றார். 2004இல் அதே நிறுவகம் புற்றுநோய்க்கான நனோத் தொழினுட்பக் கூட்டமைப்பொன்றை ஐந்தாண்டுகளுக்கு 14 கோடியே 43 இலட்சம் டொலர் நிதியுடன் தொடக்கியது. நிதி எத்திசையில் பாய்கிறதோ அத்திசையில் கலைச்சொற்களும் பாய்வது இயல்பு. முன்னர் இழையமாகவும் கூழாகவும் விவரிக்கப்பட்டவை 'நனோமருந்து' எனப் பெயர் பெற்றன. 2015 வந்து போயிற்று. 2019இல் அக்கூட்டமைப்பின் ஆய்வு நிலையங்களுக்கான நிதியைத் தொடரப்போவதில்லை என்ற செய்தி வெளிவந்தது.

இதனால் அவ்வாய்வுகள் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. அவற்றுட் சில உண்மையிலேயே அழகியவை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கொங்காங் சுயியின் குழுவினர் 2013இல் வெளியிட்ட வேலையை எடுத்துக்கொள்வோம். சீன மரமொன்றிலிருந்து 1966இல் பிரித்தெடுக்கப்பட்ட கம்ரொதெசின் என்ற நச்சு, கலங்களைக் கொல்ல வல்லது. ஆனால் நீரில் கரையாது. நரம்புப் புரதமொன்றின் நார் அமைக்கும் பகுதியை அதனுடன் பிணைத்தபோது மருந்தே நார்களாகவும் குழாய்களாகவும் அமைந்தது. மருந்தைச் சுமக்கும் வேறொரு கலம் தேவையற்றதாயிற்று; சுமையே வண்டியுமாயிற்று. பிணைக்கும் நச்சு மூலக்கூறுகளின் எண்ணிக்கையை ஒன்று, இரண்டு, நான்கு எனக் கூட்டுவதன் மூலம் மருந்தின் பங்கை 23, 31, 38 சதவீதம் எனத் திட்டவட்டமாக வரையறுக்கவும் முடிந்தது.

பிங் சூ வகுத்த வழி வேறு. ஹொங்கொங்கில் பணியாற்றிய காலத்தில், 2004இல், அவரது குழுவினர் பொசுபேற்றுக் கூட்டமொன்றை அமினோவமிலப் பெறுதியொன்றில் பிணைத்து அதனை நீரில் கரைந்திருக்கச் செய்தனர். பொசுபேற்றை வெட்டும் நொதியம் சேர்ந்ததும் அது கரைதன்மையை இழந்து நார்வலையானது. புற்றுநோய்க் கலங்கள் சிலவற்றின் மேற்பரப்பில் அந்நொதியம் மிகுந்திருக்கும். ஆகவே, நலமுள்ள கலத்தைக் கடந்து செல்லும் இத்தகைய பெப்தைட்டு, நோயுற்ற கலத்தைச் சுற்றி வலை பின்னி, அதன் உணவையும் சமிக்ஞைகளையும் தடுத்துவிடலாம். பின்னர் பிறண்டைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2014இல் வெளியான ஆய்வு இதனைக் கலவளர்ப்பில் காட்டியது. இங்கு வலையைப் பின்னத் தூண்டுவது புற்றுநோய்க் கலமே. ஒரு குறித்த செறிவுக்குக் கீழே மூலக்கூறுகள் தனித்து அலைகின்றன. அதைத் தாண்டியதும் நார்களாகின்றன. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதை உதாரணங் காட்ட விரும்பும் நண்பர்கள் உளர். உயிரைப் புரதத்தின் இருப்பு முறையாகக் கண்ட எங்கெல்ஸ் இதில் ஆர்வங் காட்டியிருப்பார் என்பதிலும் ஐயமில்லை. ஆனால், மூலக்கூறைக் கொண்டு மெய்யியலுக்குச் சான்றிதழ் பெறும் பழக்கம் சோவியத் உயிரியலுக்கு இழைத்த கேட்டை அறிந்த நாம் அவ்வழியே செல்ல விரும்பவில்லை.

இத்தகைய பரிசோதனைகள் பலவற்றில் கொல்லப்படும் கலங்களுக்கு ஹீலா என்று பெயர். பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் 1951இல் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் 31ஆவது வயதில் இறந்த ஹென்றியெற்றா லக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரது சம்மதமின்றி எடுக்கப்பட்டவை அவை. புகையிலைத் தோட்டங்களில் வேலைசெய்த குடும்பம் அது. அக்கலங்கள் உலகெங்கும் விலைக்கு விற்கப்பட்டன. 2023இல்தான் அவரது குடும்பத்தினர் ஒரு பெரிய கம்பனியுடன் இணக்கத்துக்கு வந்தனர். 'தன்' என்ற அடைமொழி மறைக்கும் பெயர்களில் இதுவும் ஒன்று.

கலவளர்ப்புக் கிண்ணத்திலிருந்து நோயாளியின் உடலுக்குச் செல்லும் பாதை நீண்டது. 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு, அதற்கு முந்திய பத்தாண்டு ஆய்வேடுகளைத் திரட்டி நோக்கியபோது, விலங்குகளுக்கு ஊசி மூலம் ஏற்றப்பட்ட நனோத்துணிக்கைகளில் கட்டியைச் சென்றடைந்தவற்றின் இடைநிலை அளவு 0.7 சதவீதம் மட்டுமே எனக் கண்டது. எஞ்சியவற்றுட் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் கவர்ந்துகொள்கின்றன. சாங் கண்ட பெப்தைட்டின் உறவினமான ஒன்று இன்று சத்திரசிகிச்சையில் இரத்தக்கசிவை நிறுத்தும் கூழாகப் பயன்படுகின்றது. குடலின் தொடக்கநிலைக் கட்டிகளை அகற்றுமிடத்தும் அது உதவுகிறது. ஆயினும், அது கட்டியை அழிக்கும் மருந்தன்று.

அவ்வாறாயின், தன்னொருங்கமை பெப்தைட்டு எதுவும் புற்றுநோயாளரை மருந்தாகச் சென்றடையவில்லையா? சென்றடைந்துள்ளது. ஆனால், நனோத் தொழினுட்பம் என்ற பெயரை அணியாமல், வேறொரு வாயிலால் அது வந்தது. இதுவே இவ்வரலாற்றின் முக்கிய பகுதி என்பது எமது கருத்தாகும்.

அவ்வாயில் இறைச்சிக் கூடத்தில் திறக்கின்றது. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி கபச்சுரப்பியை ஆளும் பொருள்களைச் சுரக்கின்றது என்பதை நிறுவ, றொஜர் கிய்மனும் அன்றூ ஷலியும் பல்லாண்டு காலம் கடும் போட்டியில் ஈடுபட்டனர். ஒரு விலங்கிலிருந்து பெறத்தக்க பொருள் அணுவளவு. ஆதலால் கிய்மன் செம்மறியாடுகளின் மூளைத் துண்டுகளையும் ஷலி பன்றிகளின் மூளைத் துண்டுகளையும் இலட்சக்கணக்கில் சேகரித்தனர். அமெரிக்க இறைச்சித் தொழில் நாள்தோறும் கழிவாக எறிந்த மண்டையோடுகளிலிருந்து கூலியாட்களின் கைகள் அத்துண்டுகளை வெட்டியெடுத்தன. பொதுநிதியே இருவரையும் தாங்கிற்று. 1971இல் ஷலியின் குழு பாலோமோன்களை ஆளும் பத்து அமினோவமிலச் சங்கிலியின் அமைப்பை வெளியிட்டது. 1973இல் கிய்மனின் ஆய்வுகூடம், வளர்ச்சி ஓமோனைத் தூண்டும் பொருளைத் தேடப்போய், அதனைத் தடுக்கும் பொருளைக் கண்டது; பதினான்கு அமினோவமிலங்கள் கொண்ட சொமற்றோஸ்ரற்றின் அதுவே. 1977இல் இருவரும் றொசலின் யலோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

சொமற்றோஸ்ரற்றின் குருதியில் சில நிமிடங்களே நிலைக்கும். மருந்துக் கம்பனிகள் அதனைச் சுருக்கி, உறுதிப்படுத்தி, எட்டு அமினோவமிலங்கள் கொண்ட உருக்களை ஆக்கின. அவற்றுள் ஒன்று பிரெஞ்சு நிறுவனமான இப்சனின் லன்றியோரைட். அதனைச் செறிவாக நீரில் கலந்தபோது, கரைசலுக்குப் பதிலாகக் கெட்டியான கூழ் உண்டாயிற்று. தோலின் கீழ் ஆழமாகச் செலுத்தப்பட்டால் அக்கூழ் நான்கு வாரங்கள் வரை மருந்தைச் சிறிதுசிறிதாக விடுவித்தது. அதே வகையைச் சேர்ந்த முந்திய மருந்தை நீடித்துச் செயற்படவைக்கப் பல்பகுதியத்தாலான நுண்கோளங்கள் வேண்டியிருந்தன. இதற்கோ நீரும் சிறிதளவு அசெற்றிக்கமிலமும் போதுமாயிருந்தன. கூழின் உள்ளமைப்பைப் பிரெஞ்சு ஆய்வாளர் 2003இல் வெளியிட்டனர்: மூலக்கூறுகள் பீற்றாத் தாள்களாக இணைந்து, ஏறத்தாழ 24 நனோமீற்றர் விட்டமுள்ள, ஒரே சீரான குழாய்களாகச் சுருண்டிருந்தன. மருந்து முதலில் வந்தது. நனோக்குழாய் என்ற பெயர் பின்னர் வந்தது. நடைமுறை கோட்பாட்டுக்கு முந்திய இவ்வொழுங்கை இத்துறையின் மதிப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் தலைகீழாக நிறுத்துகின்றன.

தொடக்கத்தில் லன்றியோரைட் வளர்ச்சி ஓமோன் மிகுதியால் கை, கால், முகம் பெருக்கும் நோய்க்கே வழங்கப்பட்டது. குடல், சதையி ஆகியவற்றில் தோன்றும் நரம்பு அகஞ்சுரக்கும் கட்டிகளில் அதன் விளைவை ஆராய்ந்த பரிசோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. 204 நோயாளர் பங்குபற்றினர். 120 மில்லிகிராம் மருந்தோ போலி மருந்தோ 28 நாட்களுக்கொருமுறை, 96 வாரங்களுக்கு வழங்கப்பட்டது. இரண்டாண்டு முடிவில் நோய் முன்னேறாதிருந்தோர் மருந்து பெற்ற குழுவில் 65.1 சதவீதமாகவும், மற்றைய குழுவில் 33.0 சதவீதமாகவும் மதிப்பிடப்பட்டனர். மொத்த ஆயுளில் இரு குழுக்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோயைத் தாமதப்படுத்தும் மருந்து இது, தீர்க்கும் மருந்தன்று. கட்டியின் வாங்கிகளில் செயற்படுவது தனி மூலக்கூறே என்பதும், குழாய் அம்மூலக்கூறைத் தேக்கிவைக்கும் களஞ்சியம் மட்டுமே என்பதும் மறக்கத்தகாதன. 2014 டிசம்பரில் அமெரிக்க அரசு இதனை அக்கட்டிகளுக்கு அங்கீகரித்தது.

ஷலியின் பத்து அமினோவமிலச் சங்கிலியும் இதையொத்த வழியே சென்றது. புரொஸ்டேற் சுரப்பியின் புற்றுநோய் ஆண் ஓமோனில் தங்கியுள்ளது என்பதைச் சாள்ஸ் ஹகின்ஸ் 1941இல் காட்டியிருந்தார். அச்சங்கிலியை எதிர்க்கும் டெகரெலிக்ஸ் என்ற பெப்தைட்டு 2008இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. தோலின் கீழ் உடற்பாயத்தைச் சந்தித்ததும் அது தானே கூழாகித் தேங்குகிறது. முதன்முறை 240 மில்லிகிராமும், பின்னர் மாதந்தோறும் 80 மில்லிகிராமும் வழங்கப்படுகின்றது. இவை இரண்டுக்கும் பின்னர் வந்த ஒரு கண்டுபிடிப்பு வியப்புக்குரியது. கபச்சுரப்பி தனது ஓமோன்களைச் சேமித்து வைப்பதே அமைலோயிட்டை ஒத்த வடிவில்தான் என 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. விர்ஹோ நோயெனக் கண்ட அமைப்பு, உடலின் அன்றாடக் களஞ்சியமாகவும் இருந்துவந்துள்ளது. ஒரே கட்டமைப்பு எங்கே, எவ்வளவு, எவ்வளவு விரைவில் கலைகிறது என்பவற்றைப் பொறுத்து நஞ்சாகவும் மருந்தாகவும் அமைகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து தனியார் தொழில்முனைவே நோயாளியை அடைந்தது, பல்கலைக்கழகம் ஏட்டோடு நின்றது என்ற முடிவுக்குச் சிலர் வரக்கூடும். அது மேலோட்டமான முடிவாகும். சொமற்றோஸ்ரற்றினைத் தேடிய பல்லாண்டு உழைப்புக்குச் செலவிட்டது பொதுநிதி. கம்பனி நுழைந்தது விடை தெரிந்த பின்பே. மறுபுறம், பொதுநிதியே 2004இல் மருந்தின் நடைமுறைத் தேவையை விட்டு ஒரு சொல்லின் கவர்ச்சியைப் பின்தொடர்ந்ததையும் கண்டோம். லீட்ஸின் கம்பளி முதலாளிகளுக்குப் பயன்படவென வகுக்கப்பட்ட பதவியில் இருந்துகொண்டே அஸ்பெரி முட்டையைப் படமெடுக்க முடிந்தது. எந்த ஆலையும் அதற்கு ஆணையிடவில்லை. ஆராய்ச்சிக்கும் உற்பத்திக்குமுள்ள உறவு, ஆணையும் பணிவும் போன்று எளியதன்று.

லன்றியோரைட் கூழுக்கு மாற்றாக, இந்தியாவின் சிப்லா நிறுவனம் ஆக்கிய அதே மூலக்கூறின் ஊசிமருந்தை அமெரிக்க அரசு 2021 டிசம்பரில் அங்கீகரித்தது. நீரும் எட்டு அமினோவமிலங்களும் சிறிது அமிலமும் சேர்ந்த அப்பொருளை இரண்டாவது கம்பனியொன்று அச்சந்தைக்குக் கொண்டுவர, புற்றுநோய்க்கான முதல் அங்கீகாரத்தின் பின்னரும் ஏழு ஆண்டுகள் சென்றன. மூலக்கூறுகள் ஒன்றுகூடுவதற்கு அத்துணைக் காலம் தேவைப்படுவதில்லை.